சார்ஜன் மீராலெப்பையின் மூன்றாவது பட்டி

தோழர்களே! ஞாயிறுதோறும் கோட்டைத் திடலின் புழுதியை என்னோடு சேர்ந்து மிதித்தவர்களே! அவர்தம் மனைவியரே, மக்களே! இம்மன்றத்துள் நுழைந்தபோது வாயிற்சுவரில் தொங்கும் பலகையைப் பார்த்தீர்களா? பாராதவர்கள் இப்போது திரும்பிப் பாருங்கள். நம் தொண்டர் படையில் தோளோடு தோள் நின்று மறைந்தவர்களின் பெயர்கள் அதில் உள்ளன. கடைசி வரியில் வண்ணத்தின் மணம் இன்னும் அடங்கவில்லை. ‘கோப்ரல் மீராலெப்பை’ என்று எழுதியிருக்கிறது. பெயரின் முன்னே இரண்டு பட்டிகள் தீட்டப்பட்டிருக்கின்றன.

இரண்டா? சட்டைக் கையில் மூன்று பட்டி தைத்தவர் சார்ஜன், இரண்டு பட்டி தைத்தவர் கோப்ரல் என்பதை இங்குள்ள சிறுவரும் அறிவர். கொட்டியாரக் குடாவின் இக்கரையிலும் அக்கரையிலும் அந்த மனிதரைக் கோப்ரல் என்று அழைத்த நா ஒன்றை எனக்குக் காட்டுங்கள்! நான் செயற்குழுவைக் கேட்டேன். “படை கலைக்கப்பட்ட நாளில் அவர் கோப்ரல்தான். அடுத்த கூட்டத்தில் பார்ப்போம்” என்றார்கள். அடுத்த கூட்டம்! நம்முள் எத்தனை பேர் அடுத்த கூட்டத்துக்கு வருவோம், எத்தனை பேர் அந்தப் பலகைக்குப் போவோம் என்று யாருக்குத் தெரியும்? இன்று நான் அழ வந்தேன். அழுவதற்கு முன் வழக்குரைக்க வேண்டியிருக்கிறது.

அவர் மறைந்த செய்தி எனக்குத் துறையில் வந்தது. கட்டைபறிச்சான் பள்ளிக்கூட விழாவொன்றில் பேசுவதற்காக, குடாவைக் கடந்து மூதூருக்குப் போகும் மோட்டார்ப் படகான லோஞ்சுக்குக் காத்திருந்தேன். வேளையாகியும் லோஞ்ச் புறப்படவில்லை. சுக்கான் பிடிக்கும் நாகராசா கரையில் இறங்கி நின்றான். அவனை உங்கள் அனைவருக்கும் தெரியும். ஒரு காலத்தில் நம் வரிசையிலேயே நின்ற கட்டைபறிச்சான் நாகராசாதான்.

“மாஸ்டர், இண்டைக்கு லோஞ்ச் ஓடாது.”

“ஏன், எஞ்சின் பழுதோ?”

“எஞ்சினுக்கு ஒண்டுமில்ல. எனக்குத்தான் ஏலாது.”

பக்கத்தில் கோழிக்கூடையோடு நின்ற ஒரு மூதாட்டி சீறினாள். “அப்ப நான் இந்தக் கோழியளையும் தூக்கிக்கொண்டு நீந்தியோ போறது?”

நாகராசா என்னைப் பார்த்தே சொன்னான். “சார்ஜன் விடியப்பறம் மௌத்தாயிட்டார், மாஸ்டர்.”

மூதாட்டி கூடையைக் கீழே வைத்தாள். “எந்தச் சார்ஜன்? எங்கட கிண்ணியாக் காக்காவோ?” என்று உடன்பிறந்த அண்ணனைக் கேட்பதுபோல் கேட்டாள். பிறகு லோஞ்சைப் பற்றி அவள் ஒரு சொல்லும் சொல்லவில்லை. தோழர்களே, கோழி விற்கும் அவளுக்குக்கூட அவர் சார்ஜன்.

நானும் நாகராசாவும் ஆட்களை ஏற்றிச் செல்லும் மிதவைப் பாதையில் கிண்ணியாவுக்குக் கடந்தோம். பாதையில் நின்ற நேரமெல்லாம் அவன் தன் சட்டையின் மேற்பொத்தானைக் கழற்றுவதும் பூட்டுவதுமாக இருந்தான். குறிஞ்சாக்கேணியில் அவர் வீட்டு முற்றம் நிறைந்து கிடந்தது. குளிப்பாட்டி, வெள்ளைத் துணியில் பொதிந்து வைத்திருந்தார்கள். அந்தத் துணியில் தையல் இல்லை. கழுத்துப்பட்டை இல்லை, பொத்தான் இல்லை, பட்டியும் இல்லை. ஒரு மடிப்புக் கலைந்தாலும் பொறுக்காத மனிதர், மடிப்பே இல்லாத உடையில் கிடந்தார். அடக்கம் செய்யும் மையவாடிவரை தோள் மாற்றித் தோள் மாற்றிக் கொண்டுபோனோம். என் தோளில் அந்தப் பாரம் இருந்தது சிறு பொழுதுதான். அது இன்னும் இறங்கவில்லை.

எப்படிப்பட்டவர் அவர்? களப்பு நீரோரம் சிறு வயலும் ஒரு தோணியும் வைத்திருந்தவர். கிழமை நாட்களில் சேற்றில் நிற்பார். ஞாயிற்றுக்கிழமை அவர் காற்சட்டை மடிப்பில் வெற்றிலை கிள்ளலாம். வெள்ளையரின் போர்க்கப்பல்கள் இன்னும் நம் துறைமுகத்தில் நின்ற காலம் அது. நாடு நமதாயிற்று, காவலும் நம்முடையதாக வேண்டும் என்று தமிழரும் முசுலிம்களும் சிங்களவரும் மலாயரும் ஒரே வரிசையில் நின்றோம். ஒருவன் சப்பாத்து மற்றவன் குதிகாலை மிதித்தால் மூன்று மொழிகளில் வசவு எழும். வரிசை மட்டும் கலையாது. அந்த வரிசையை நினைக்கும்போது, நண்பர்களே, என் நெஞ்சு மைதானம்போல் வெறுமையாகிறது. அதை ஒழுங்காக நிறுத்தி வைத்தது மீராலெப்பையின் குரல். உரத்த குரலன்று. அருகில் நிற்பவரோடு பேசுவது போன்ற குரல். ஆனால் வரிசையின் கடைசி ஆளுக்கும் அது தனக்கே சொன்னதாகக் கேட்கும்.

குரலைப் பற்றி எங்களிடையே ஓயாத போர் இருந்தது. படைக் கட்டளைகளைத் தூய தமிழில் ஆக்க வேண்டுமென நான் முழங்கினேன். ஒரு ஞாயிறு அவர் சிரித்துக்கொண்டே வரிசையை என்னிடம் ஒப்படைத்தார். நான் நெஞ்சை நிமிர்த்தி, “படையீர்! வலப்புறம் நோக்கி ஒருங்கே திரும்புமின்!” என்றேன். பாதிப் பேர் ‘வலப்புறம்’ என்றதும் திரும்பினார்கள். மீதிப் பேர் ‘திரும்புமின்’ வரை காத்திருந்து திரும்பினார்கள். முன்னிற்பவர் மூக்கும் பின்னிற்பவர் துவக்குக் குழலும் மோதிக்கொண்டன.

“தமிழில பிழையில்ல மாஸ்டர்,” என்றார் மீராலெப்பை. “ஆனா உங்கட கட்டளை முடியிறதுக்குள்ள எதிரி வந்து தேத்தண்ணியும் குடிச்சிட்டுப் போயிருவான்.”

நான் சினந்தேன். அவர் என் தோளைத் தட்டி, “கத்துறவன் தன்னைத்தான் ஆத்துறான், மாஸ்டர்; முன்னால நிக்கிறவனைத் திருத்தல்ல” என்றார். மேடைகளில் எத்தனையோ எதிர்ப்பாளர்களை நான் வாயடைக்கச் செய்திருக்கிறேன். இந்த ஒரு வரி மட்டும் ஒவ்வொரு மேடையிலும் என்னோடு ஏறி நிற்கிறது.

இனி நாகராசாவின் கதைக்கு வருகிறேன். சொல்லலாமா என்று நேற்று அவனிடமே கேட்டேன். “சொல்லுங்க மாஸ்டர். சொல்லாம விட்டதாலதானே பலகையில இப்பிடி எழுதிக் கிடக்கு” என்றான்.

மாரி தொடங்கிய ஒரு ஞாயிறு. மீராலெப்பை வரிசையைப் பார்வையிட்டு வந்தார். புதிதாகச் சேர்ந்த நாகராசா முன்வரிசையில் நின்றான். சட்டை பிழிந்தெடுத்த துணிபோல் கசங்கியிருந்தது. காலுறைகள் கணுக்காலில் சுருண்டு கிடந்தன. தொப்பி தலையில் இல்லை, காற்சட்டைப் பையில் பாதி தெரிந்தது. கொலர் அகலத் திறந்திருந்தது.

“கொலரைப் பூட்டு தம்பி.”

“பூட்டினா மூச்சு வருதில்ல, சார்ஜன். உங்களுக்கு நான் மூச்சோட வேணுமோ, பொத்தானோட வேணுமோ?”

வரிசை முழுவதும் சிரித்தது. எனக்குப் பக்கத்தில் நின்ற மலாய்த் தோழரின் வயிறு குலுங்கி இடைவார் தெறித்துவிடும் போலிருந்தது. அலுவலக விறாந்தையில் நின்ற கப்டன்கூடத் திரும்பிப் பார்த்தார். எனக்குக் குருதி கொதித்தது. மீராலெப்பை என்ன செய்தார்? சிரிப்பு ஓயும்வரை, மழை விடக் காத்திருப்பவர்போல் நின்றார்.

“சிரிச்சு முடிஞ்சுதா? நல்லது. தம்பி, எனக்கு நீ ரெண்டோடயும் வேணும். பூட்டு.”

அவ்வளவுதான். கைகளைப் பின்னே கட்டிக்கொண்டு அவன் முன்னாலேயே நின்றார். முறைக்கவில்லை; இரண்டாம் முறை சொல்லவுமில்லை. கோட்டையின் கீழே பாறையில் அலை மோதுவது கேட்டது. நெடுநேரம் கழிந்து நாகராசாவின் விரல் கழுத்துக்குப் போயிற்று. பொத்தான் துளைக்குள் நுழைந்த பிறகே மீராலெப்பை அடுத்த ஆளிடம் நகர்ந்தார்.

அணிவகுப்பு முடிந்ததும் நான் அவரை மறித்தேன். “இவனை இன்றே கப்டன் முன் நிறுத்துங்கள். பணியாமையை முளையிற் கிள்ளாவிடின் நாளை படை ஏது, ஒழுங்கு ஏது?” என்று ஒரு பொதுக்கூட்டமே நடத்தினேன்.

“நிப்பாட்டினா அவன்ட பேர் வெட்டுப்படும்,” என்றார் அவர். “இங்க பேர் வெட்டுப்பட்டவனைத் துறைமுகத்தில ஒரு வேலைக்கும் எடுக்க மாட்டாங்கள். அவன் பொத்தானைத் திறந்தான், மாஸ்டர். அதுக்காக நாம அவன்ட சோத்துப் பானையை மூடுறதோ?”

நாகராசாவை மதில் நிழலுக்கு அழைத்தார். நானும் உடன் நின்றேன். “சேட்டு ஏன் இப்பிடிக் கசங்கிக் கிடக்கு? வீட்டில மினுக்கித் தர ஆளில்லியா?”

அதுவரை அலட்சியமாக நின்றவனுக்கு அப்போது கண் சிவந்தது. “என்ட அம்மாவை இழுக்காதீங்க. அவ சனிக்கிழமை பின்னேரமே கஞ்சி போட்டு, சிரட்டைக் கரி போட்டு மினுக்கித்தான் தாறா. கடலைக் கேளுங்க. நீங்க கிண்ணியாவில இருந்து நனையாம வாறீங்க. நாங்க கொட்டியாரத்து வாடைக் காத்தில வாறம். துறையில இறங்கக்குள்ள கஞ்சியெல்லாம் கூழ். ஒவ்வொரு ஞாயிறும் கசங்கல், கசங்கல் எண்டு ஏச்சு. எப்பிடி வந்தாலும் ஏச்சுத்தானே! அதான் கொலரையும் திறந்து விட்டனான்.”

நம்மிற் பலர் மறந்திருக்கக்கூடும், இளையோர் அறியார். வீட்டிலிருந்தே சீருடையில் வரவேண்டும் என்பது அன்றைய விதி. மக்கள் தம் படையைத் தெருவிலே கண்டு பெருமை கொள்ள வேண்டுமாம். விதி வகுத்தவர்களுக்குத் தெரு தெரிந்திருந்தது. மூதூர்ப் பக்கத்து ஆட்களின் தெரு கடல் என்பது தெரியவில்லை.

மீராலெப்பை அப்போது சொன்ன சொற்களை நான் கல்லில் வெட்டி வைப்பேன். “சேட்டு நனைஞ்சது கடல்ட பிழை. உன்ட வாய் நனையல்லியே. அது உன்ட பிழை. கடல்ட பிழையை நான் பார்த்துக்கொள்றன். உன்ட பிழைக்கு நீ துவக்கைத் தலைக்கு மேல தூக்கித் திடலைச் சுத்து.”

அவன் சுற்றினான். நாங்கள் தேநீர் குடித்தோம். அவர் மட்டும் தம் கோப்பையைத் தொடாமல், ஓடுபவனையே பார்த்துக்கொண்டு நின்றார். அவன் முடித்து வந்தபின் ஒரு வாய் குடித்து முகம் சுளித்தார். “பாவி, ஆறின தேத்தண்ணி குடிக்க வச்சிட்டான்.” மூச்சிரைத்துக்கொண்டிருந்த நாகராசாவுக்கே சிரிப்பு வந்துவிட்டது. அவன் கொலர் பூட்டியபடி இருந்தது.

தன் பங்கை அவர் மறக்கவில்லை. மூதூர் ஆட்கள் சீருடையைப் பையில் கொண்டுவந்து கோட்டையில் உடுத்த இடம் தரவேண்டும் என்று கப்டனிடம் கேட்டார். விதி விதிதான் என்றார் கப்டன். மறுபடியும் கேட்டார். மறுபடியும் அதே மறுமொழி. மூன்றாம் முறை அவர் வாயால் கேட்கவில்லை.

கொழும்பிலிருந்து பெரிய அதிகாரி ஒருவர் நம்மைப் பார்வையிட வந்த ஞாயிறு நினைவிருக்கிறதா? மூதூர் ஆட்களை அழைத்துச் செல்ல நான் காலையிலேயே துறையில் நின்றேன். வாடைக் காற்று அடித்துக்கொண்டிருந்தது. லோஞ்ச் வளைந்து உள்ளே வந்தபோது அதன் முன்னணியத்தில் ஓர் ஆள் தூண்போல் நிற்பது தெரிந்தது. அருகில் வந்ததும்தான் கண்டேன், மீராலெப்பை! கிண்ணியாவிலிருக்க வேண்டியவர், முதல்நாள் மாலையே மூதூருக்குப் போய், விடியலில் அவர்களோடு லோஞ்ச் ஏறியிருக்கிறார். தலையிலிருந்து நீர் வடிந்தது. அந்தப் புகழ்பெற்ற மடிப்புகள் ஒன்றுகூட மிஞ்சவில்லை. மூன்று பட்டிகளும் கையோடு ஒட்டிக் கிடந்தன.

“மாஸ்டர், நீங்களாவது கேளுங்க!” என்று நாகராசா கரைக்குத் தாவினான். “உள்ளுக்கு வந்து இருங்க காக்கா, இருங்க காக்கா எண்டு எவ்வளவு கெஞ்சினன். முன்னுக்கு நிண்டு கடல் முழுக்கத் தனியா வாங்கிட்டார்!”

“லோஞ்சில காக்கா,” என்றார் அவர், காதிலிருந்த நீரை உதறியபடி. “இறங்கினாச் சார்ஜன். வரிசைக்கு வா.”

என் சட்டையைக் கழற்றித் தருகிறேன் என்றேன். என் வயிற்றை ஒருமுறை பார்த்தார். “உங்கட சேட்டுக்குள்ள ரெண்டு மீராலெப்பை போகலாம். ஒராளுக்குத்தான் இண்டைக்கு வேலை” என்றார்.

திடலில் அவர் தமக்குரிய முன்னிடத்தில் நிற்கவில்லை. மூதூர் ஆட்களின் வரிசைக் கோடியில், அவர்களுள் ஒருவராய், நனைந்த சீருடையோடு விறைத்து நின்றார். பெரிய அதிகாரியோடு நடந்து வந்த கப்டனின் முகம் கறுத்தது.

“இது என்ன?” என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

மீராலெப்பைக்கு ஆங்கிலம் கொஞ்சந்தான் தெரியும். அதனால் ஒரு சொல்லையும் வீணாக்க மாட்டார். “கொட்டியாரக் கடல், சேர். இவர்கள் ஒவ்வொரு ஞாயிறும் உடுத்து வருவது இதைத்தான்.”

பெரிய அதிகாரி, நீர் சொட்டும் அந்த வரிசையை ஒருமுறை முழுதாகப் பார்த்துவிட்டுப் போனார். அவர் வண்டி கோட்டை வாயிலைக் கடந்ததும் இடி விழுந்தது. கப்டன் நம் எல்லோர் முன்னிலையிலும் கேட்டார். “உன்னை இப்படிச் செய்யத் தூண்டியவன் எவன்? சில கிழமைகளுக்கு முன் உன்னை எதிர்த்துப் பேசி வரிசையைச் சிரிக்க வைத்தவனா? அவன் பெயரைச் சொல்.”

“அது முடிஞ்ச கதை, சேர். அந்தப் பிழைக்கு நான் தண்டனை கொடுத்திட்டன். ஒரு பிழைக்கு இரண்டு தண்டனை இல்லை.”

மீண்டும் கேட்டார். மீண்டும் அதே விடை. நாகராசா என்னிடமிருந்து கைக்கெட்டும் தூரத்தில் நின்றான். அவன் முன்னே அடியெடுத்து வைக்கப் போனதையும் மீராலெப்பையின் கண் அவனை அந்த இடத்திலேயே அறைந்து நிறுத்தியதையும் பார்த்தேன். பார்வையிடும் நாளில் சீர்கெட்ட உடையில் நின்றது ஒரு குற்றம். மேலவர் கேட்ட வினாவுக்கு விடை மறுத்தது மற்றொரு குற்றம். ஒரு பட்டியை நீக்குமாறு ஆணையாயிற்று. நம் கண் முன்னே, அந்த இடத்திலேயே.

ஒருவர் சவர அலகு கொண்டுவந்தார். மீராலெப்பை அதைத் தாமே வாங்கினார். சட்டையைக் கிழிக்கவில்லை. வலை பிரிப்பவர்போல் நூல் நூலாக அறுத்தார். அடிப்பட்டி கழன்று வந்தது. அதை இரண்டாக மடித்துக் கப்டனின் கையில் கொடுத்துக் கையுயர்த்தி வணக்கம் செய்தார்.

அப்போதுதான் நாகராசா வெடித்தான். தொப்பியைக் கழற்றிப் புழுதியில் எறிந்தான். கொலரை இழுத்த இழுப்பில் பொத்தான் தெறித்து உருண்டது. “எடுக்கிறதெண்டா எல்லாத்தையும் எடுங்க! இப்பிடி ஒரு நாட்டாமைக்கு நான் இனி…”

“தொப்பியை எடு.”

குரல் உயரவில்லை. அன்றுதான் கோப்ரலாக்கப்பட்டவரின் முதற் கட்டளை அது.

“சார்ஜன், உங்களுக்காகத்தானே…”

“எனக்காக நீ மரியாதை கெட வேண்டாம். அண்டைக்கு எனக்கு எதிராக் கதைச்சதும் பிழை. இண்டைக்கு எனக்காகக் கதைக்கிறதும் அதே பிழை. தொப்பியை எடு. தூசைத் தட்டு. தலையில வை.”

நாகராசா குனிந்தான். தொப்பியைத் தட்டித் தலையில் வைத்தான். கண்ணீர் கன்னம் வழியே ஓடி, பொத்தானில்லாத கொலருக்குள் இறங்கியது. மீராலெப்பை கப்டன் பக்கம் திரும்பி, “பொத்தான் தைச்சதும் இவன் சரியா வருவான், சேர்” என்றார். கப்டன் அவர்கள் இருவரையும் மாறிமாறிப் பார்த்தார். ஆணையிட ஏதோ வாயெடுத்தார். பிறகு திரும்பி அலுவலகத்துக்குள் போய்விட்டார். நாகராசாவின் பெயர் வெட்டப்படவில்லை. பின்னர் துறைமுகத்தில் வேலை கிடைத்ததும், அங்கிருந்து லோஞ்சுக்கு வந்ததும் அதனால்தான்.

அன்று மாலை நான் கப்டனை வசைபாடினேன். இனிய தமிழில் எத்தனை கொடிய சொற்கள் உண்டோ அத்தனையும் சொன்னேன். மீராலெப்பை கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, “நான் நனைஞ்சு வந்தது மெய்தானே, மாஸ்டர்?” என்றார். “உடுப்புப் பிழை எண்டா எல்லாருக்கும் பிழைதான். எனக்கு மட்டும் எப்பிடிச் சரியாகும்?”

சில கிழமைகள் சென்றபின் மேலிடத்திலிருந்து ஆணை வந்தது. மூதூர் ஆட்கள் சீருடையைப் பையில் கொண்டுவரலாம். கோட்டையில் உடைமாற்ற ஓர் அறை உண்டு. அந்த அறையை எல்லோரும் என்ன பெயரிட்டு அழைத்தோம்? சார்ஜன் அறை! அந்த அறையை வாங்கித் தந்தவருக்குப் பட்டி மட்டும் திரும்பவில்லை. திருப்பிக் கேளுங்கள் என்று நாம் எவ்வளவோ வற்புறுத்தினோம். “கேட்டா நடந்ததைச் சொல்ல வேணும். சொன்னா அவன்ட பேர் வரும். விடுங்க” என்றார். அந்த இடத்துக்கு வேறொருவரை ஏற்றக் கப்டன் முயன்றார். கேட்கப்பட்டவர் ஒருவரும் ஏற்கவில்லை. படை கலையும் நாள்வரை அந்த இடம் வெறுமையாகவே கிடந்தது. பிறகெப்படி அவர் கோப்ரல் ஆவார்? அவர் இடத்தில் வேறு யார் சார்ஜனாக இருந்தார்? செயற்குழுவினரே, விடை சொல்லுங்கள்!

அவர் வேறு சட்டை கேட்கவுமில்லை. பட்டி இருந்த இடத்தில் வெயில் படாத துணி, அதே வடிவில், மற்றத் துணியைவிட அடர்ந்த நிறத்தில் தெரிந்தது. ஞாயிறுதோறும் முன்வரிசையில் நின்றவர்கள் அதைப் பார்த்தோம். நூலைத்தான் அறுக்க முடிந்தது. நிறம் அங்கேயே இருந்தது.

கடைசியாக அவரைக் கண்டது அவர் வீட்டு விறாந்தையில். நெஞ்சுச் சளி. கதிரையில் சாய்ந்தபடியே கையுயர்த்தினார்.

“வாங்கோ மாஸ்டர். இன்னும் மேடையில சத்தம் போடுறீங்களோ?”

“ஓம், போடுகிறேன்.”

“போடுங்க, போடுங்க. ஊருக்கு ஒரு சத்தம் வேணும்தான்.” இருமல் அடங்கக் காத்திருந்தார். “ஆனா முடிக்கக்குள்ள ஒரு வேலை சொல்லி முடியுங்க. வேலை சொல்லாத பேச்சு கட்டளை இல்ல. அது வாடை, ஆக்களை நனைச்சிட்டுப் போயிரும்.”

நான் விடைபெற்று எழுந்தபோது என் கழுத்தைச் சுட்டிக் காட்டினார். குனிந்து பார்த்தேன். என் மேற்பொத்தான் திறந்திருந்தது. பூட்டிக்கொண்டேன். அவர் முகத்தில் வந்த நிறைவை எப்படிச் சொல்வேன்? இன்றும் ஞாயிறு காலையில் கண்ணாடி முன் நிற்கும்போது என் விரல் தானாகக் கழுத்துக்குப் போகிறது. போய், அந்தக் குரலுக்காகக் காத்திருக்கிறது. குரல் வருவதில்லை. பூட்டிய கொலரோடு, ஒருவரும் அழைக்காத அணிவகுப்புக்குப் புறப்பட்டவன்போல் நிற்கிறேன்.

அவரிடமிருந்து எனக்கென்று எஞ்சியவை இவை: சிரிப்பு ஓயும்வரை நிற்கும் பொறுமை, கடலின் பிழையையும் வாயின் பிழையையும் பிரித்துப் பார்க்கும் கண், முடிந்த தண்டனையை மீண்டும் கிளறாத வாய். இவற்றை நான் வைத்திருக்கிறேனா என்பது ஐயமே. வைத்திருக்க ஆசைப்படுகிறேன்.

ஒரு தோழர் நேற்று என்னிடம் சொன்னார்: “பட்டியில்லாத துணியில் போனவருக்குப் பலகையில் பட்டி எதற்கு?” உண்மை. அவருக்கு வேண்டியதில்லை. அது நமக்கு வேண்டும். அவர் நமக்காக இழந்த பட்டியை, ‘இழந்தவர்’ என்றே எழுதி வைத்தால், அந்த இழிவு நம் பெயர்களின்மேல்தான் படியும். அவர் மூடிக் காத்த பெயருக்குரியவன் இன்று இங்கே எழுந்து நின்று தன் பெயரைச் சொல்ல அணியமாக இருக்கிறான். இனி மறைக்க ஒன்றுமில்லை. தள்ளிவைக்கக் காரணமுமில்லை.

ஆகவே, சார்ஜன் சொன்னபடி, வேலை சொல்லி முடிக்கிறேன். அடுத்த கூட்டத்தில் அன்று, இப்போதே. செயற்குழுத் தலைவரே, நீங்கள் அமர்ந்திருக்கும் கதிரையைத் தாருங்கள். வாயிலருகே இருக்கும் இருவர் அதன்மேல் ஏறிப் பலகையை இறக்குங்கள். வெள்ளை வண்ணமும் தூரிகையும் இந்த மேசையில் இருக்கின்றன. முன்னாட் படையினர் அனைவரும் எழுந்து வரிசையில் நில்லுங்கள். ‘கோப்ரல்’ என்ற சொல்லை அழித்துச் ‘சார்ஜன்’ என்று எழுதுங்கள். மூன்றாவது பட்டியைத் தீட்டி முடிக்கும்வரை ஒருவரும் இந்த மண்டபத்தை விட்டு வெளியேற வேண்டாம்.

நாகராசா, முன்னே வா. கொலரைப் பூட்டு. தூரிகையை எடு.